விலையில்லா அலையும் விற்க வந்தோரும்

நிலத்துக்கு உரிமைப் பத்திரம் உண்டு. ஆற்று நீரைத் திருப்புவதற்கும் அரசின் அனுமதி வேண்டும். ஆனால் கண்ணுக்குப் புலப்படாத வானொலி அலைக்கு உரியவர் யார் என்னும் வினா, இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் வரையில் எவர் மனத்திலும் எழவில்லை. எழுந்த பின்னர் அதற்கு இரண்டு விடைகள் கிடைத்தன. அலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து உரிமம் பெற்றவர்க்கே அளித்தல் ஒன்று. ஒருசில பகுதிகளை எவரும் உரிமமின்றிப் பயன்கொள்ளலாம் எனத் திறந்துவிடுதல் மற்றொன்று. இன்று நம் வீட்டிலும் பள்ளியிலும் உணவகத்திலும் கம்பியின்றி இணையத்தைக் கொண்டுவந்து சேர்க்கும் வைஃபை என்னும் ஏற்பாடு இரண்டாம் விடையின் பயனாகும்.

இந்த அலைக்கு வாடகையில்லை, ஏலமுமில்லை. மூலப்பொருள் விலையின்றிக் கிடைக்கும் தொழிலில் இறங்கினால் பொருள் குவியும் என்று நம்பிப் பெருநிறுவனங்கள் பல இறங்கின. அவற்றுட் பெரும்பாலானவை கையைச் சுட்டுக்கொண்டன. அலையை விற்க வந்தவர் நட்டமடைய, அலையை வாரி வழங்கிவிட்டு வேறொன்றை விற்றவர் செழித்தனர். அஃது ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம் தோட்டப்புறப் பள்ளிகளுக்கும் இந்த வரலாற்றில் ஒரு பங்கு உண்டு.

வேலியிட்ட வானம்

1912-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் டைட்டானிக் கப்பல் மூழ்கியது. உதவி கோரி அனுப்பிய கம்பியில்லாத் தந்திச் செய்திகளும், அவற்றைத் தொடர்ந்து வந்த குழப்பமான செய்திகளும் அமெரிக்க மக்களைக் கலங்க வைத்தன. அவ்வாண்டிலேயே வானொலிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டு, அலை பரப்புவோர் உரிமம் பெறவேண்டும் என்னும் விதி பிறந்தது. பின்னர் வானொலி நிலையங்கள் பெருகி ஒன்றின் குரலை மற்றொன்று விழுங்கத் தொடங்கவே, 1927-இல் இன்னொரு சட்டம் வந்தது. 1934-இல் கூட்டாட்சித் தகவல் தொடர்பு ஆணையம் அமைந்தது. இன்ன அலைவரிசை இன்னாருக்கு என்று பங்கிட்டுக் கொடுப்பது அதன் கடமையாயிற்று. பிற நாடுகளும் ஏறத்தாழ இவ்வழியையே பின்பற்றின.

பங்கிடும் பொறுப்பு அரசிடம் இருக்கலாமா என்று 1959-இல் கேட்டார் ரொனால்ட் கோஸ் என்னும் பொருளியல் அறிஞர். நிலத்தைப் போல அலையையும் விலைக்கு விட்டால், அதனை நன்கு பயன்படுத்துவோர் கையில் அது தானே சென்று சேரும் என்பது அவர் வாதம். அக்காலத்தில் அதனைப் பெரும்பாலோர் விளையாட்டுப் பேச்சாகவே கருதினர். ஆயினும் 1991-இல் அவருக்குப் பொருளியல் நோபெல் பரிசு கிடைத்தது. 1994-இல் அமெரிக்க ஆணையம் அலைவரிசைகளை ஏலம் விடத் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டில் மூன்றாம் தலைமுறைக் கைப்பேசிச் சேவைக்கென ஐந்து உரிமங்களை ஏலமிட்ட பிரிட்டன், 2,200 கோடி பவுனுக்கு மேல் ஈட்டியது. அதே ஆண்டில் ஜெர்மனிக்கு ஏறத்தாழ 5,000 கோடி யூரோ கிடைத்தது. வாங்கிய நிறுவனங்கள் அக்கடன் சுமையினின்றும் மீள நெடுநாள் ஆயிற்று.

வானமெங்கும் வேலியிட்டு, வேலிக்குள் ஒவ்வொரு முழத்துக்கும் விலை கூறிய அதே காலத்தில், வேலிக்கு வெளியே ஒரு மூலையில் வேறொரு கதை நிகழ்ந்துகொண்டிருந்தது.

ஒதுக்கித் தள்ளிய மூலை

1947-இல் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி நகரில் கூடிய அனைத்துலக மாநாடு, தொழிற்கூடங்களும் மருத்துவக் கருவிகளும் எழுப்பும் அலைகளுக்கெனச் சில பட்டைகளை ஒதுக்கியது. இக்கருவிகள் செய்தி அனுப்புவதற்காக அலை எழுப்புவன அல்ல. சூடேற்றுதல் போன்ற வேலைகளின்போது அலை கசியும்; அக்கசிவு பிறருடைய செய்தியைக் கெடுக்காதிருக்கவே இத்தனி ஒதுக்கீடு. நம் சமையலறையில் உணவைச் சூடாக்கும் நுண்ணலை அடுப்பு 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையில் இயங்குவது இதனாற்றான். இத்தகைய இரைச்சலிடையே எவர் செய்தி அனுப்ப முன்வருவார்? எனவே பொறியாளர்கள் இவற்றைக் குப்பைப் பட்டைகள் என்று கூறி ஒதுக்கினர்.

அவ்வாணையத்தில் பணியாற்றிய மைக்கேல் மார்க்கஸ் என்னும் பொறியாளர் குப்பையிலும் பயனுண்டு எனக் கண்டார். செய்தியை ஒரே அலைவரிசையில் உரக்க அனுப்பாமல், அகன்ற பட்டையில் மெல்லப் பரப்பி அனுப்பும் முறை படைத்துறையில் வழங்கி வந்தது. அம்முறையின் ஒரு வகைக்கு 1942-லேயே காப்புரிமை பெற்றவர்களுள் ஒருவர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமார். மற்றவர் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தைல். எதிரியின் குறுக்கீட்டினின்று நீர்மூழ்கிக் குண்டைக் காக்க எண்ணி அவர்கள் கண்டது அது. நடிகையின் கண்டுபிடிப்பை அப்போரில் எவரும் பயன்படுத்தவில்லை என்பதும் வரலாறு.

1985-ஆம் ஆண்டு மே மாதம் 9-ஆம் நாள் ஆணையம் தன் முடிவை வெளியிட்டது. 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று பட்டைகளிலும் பரவல் முறையில் எவரும் உரிமமின்றிச் செய்தி அனுப்பலாம் என்பதே அம்முடிவு. நிபந்தனைகள் இரண்டு. அலைபரப்பியின் ஆற்றல் 1 வாட்டுக்கு மிகலாகாது. மேலும், பிறர் எழுப்பும் இடையூற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், முறையிட உரிமையில்லை.

மாணவர்க்கு நான் இதனை விளக்கும் முறை ஒன்றுண்டு. வகுப்பறையில் ஒருவன் உரக்கக் கத்தினால் ஏனையோர் பேச்சு அடங்கிவிடும். ஒருவன்தான் பேச முடியும். அனைவரும் பக்கத்திலிருப்பவன் காதில் மட்டும் கிசுகிசுத்தால் இருபது பேச்சுகள் ஒரே நேரத்தில் நடைபெறும். (நடைபெறத்தான் செய்கின்றன என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர்.) 1 வாட்டு வரம்பு என்பது கிசுகிசுக்கச் சொல்லும் கட்டளையாகும். ஆனால் இவ்வரம்புக்குள்ளேயே பிற்கால வணிகர்களின் நட்டத்துக்கான விதையும் இருந்தது. கிசுகிசுப்பு அடுத்த தெருவுக்குக் கேளாதன்றோ?

பணப்பெட்டியிலிருந்து பிறந்தது

திறந்துவிட்ட மூலைக்குள் முதலில் அடியெடுத்து வைத்தவர்கள் இணையத்தை எண்ணி வரவில்லை. கடைகளின் பணப்பதிவுப் பெட்டிகளைச் செய்துவந்த என்.சி.ஆர். நிறுவனம், கடையில் பெட்டிகளை இடம் மாற்றுந்தோறும் கம்பியை மாற்ற வேண்டியிருக்கும் தொல்லைக்குத் தீர்வு தேடியது. அதன் நெதர்லாந்துப் பிரிவில் அப்பணி நடந்தது. பல நிறுவனங்களின் கருவிகளும் தம்முள் பேசவேண்டுமாயின் பொதுவிதி ஒன்று தேவை என உணர்ந்த அப்பிரிவின் பொறியாளர் விக் ஹேய்ஸ், மின், மின்னணுப் பொறியாளர்களின் அனைத்துலகக் கழகத்தில் அதற்கென அமைந்த குழுவுக்கு 1990 முதல் பத்தாண்டுகள் தலைவராயிருந்தார். இவர் பிறந்த ஊர் நமக்கு அண்டையிலுள்ள சாவகத் தீவின் சுராபாயா என்பதை நம்மவருள் அறிந்தோர் மிகச் சிலரே.

குழுவின் விவாதங்கள் ஏழாண்டு நீடித்தன. 1997-இல் 802.11 என்னும் எண்ணைத் தாங்கிப் பொதுவிதி வெளிவந்தது. நொடிக்கு 2 மெகாபிட் வேகம் என்றிருந்தது 1999-இல் 11 மெகாபிட் ஆயிற்று. எண்ணைச் சொல்லி எவரும் பொருள் வாங்கமாட்டார்கள் என்பதால் வைஃபை என்று பெயர் சூட்டினர். அவ்வாண்டு ஜூலை மாதம் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், நியூயார்க் மேடையில் மடிக்கணினி ஒன்றைக் கையிலேந்தி நடந்தவாறே இணையப் பக்கங்களைக் காட்டினார். கம்பி ஏதுமில்லை என்பதைக் காட்ட ஒரு வளையத்தையும் அதனைச் சுற்றிச் செலுத்தினார். அதுவரை சில நூறு டாலர் விலையிலிருந்த அட்டையை 99 டாலருக்கு அவர் அறிவித்ததே அன்றைய உண்மையான செய்தி.

இங்கு ஆஸ்திரேலியாவையும் மறத்தலாகாது. அந்நாட்டு அறிவியல் ஆய்வு அமைப்பைச் சேர்ந்த ஜான் ஓ'சல்லிவன் குழுவினர், சுவர்களிற் பட்டுத் தெறிக்கும் அலைகள் ஒன்றையொன்று கெடுப்பதை நீக்கும் முறையொன்றைக் கண்டு 1990-களில் காப்புரிமை பெற்றனர். நெடிய வழக்குகளுக்குப் பின் அவ்வமைப்புக்குக் கிடைத்த தொகை 430 மில்லியன் ஆஸ்திரேலிய டாலருக்கு மேலாகும். அலையை விற்காமல் அறிவை விற்று ஈட்டிய பொருள் அது.

விற்க வந்தோர்

இனி நட்டக் கணக்கைப் பார்ப்போம்.

கலிபோர்னியாவில் தோன்றிய மெட்ரிகாம் நிறுவனம், வைஃபை பிறக்கும் முன்னரே இத்துறையில் இறங்கியது. 902 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கும் சிறு பெட்டிகளை நகரத்தின் விளக்குக் கம்பங்களில் வரிசையாகப் பொருத்தியது. ஒரு பெட்டி செய்தியை அடுத்த பெட்டிக்குத் தாவச் செய்ய, அஃது இறுதியில் கம்பி இணைப்புள்ள நிலையத்தைச் சென்றடையும். இதற்கு ரிக்கோஷே என்று பெயரிட்டனர். பட்டுத் தெறித்தல் என்பது பொருள். 1994-இல் குப்பர்ட்டினோ நகரில் தொடங்கிய இச்சேவை, ஓடும் ஊர்தியிலிருந்தும் இணையத்தை அடையலாம் என்னும் வியப்பை அக்காலத்திலேயே தந்தது. 1999-இல் பால் ஆலனின் முதலீட்டு நிறுவனமும் வேர்ல்ட்காம் நிறுவனமும் 600 மில்லியன் டாலர் முதலிட முன்வந்தன. வேகத்தை 128 கிலோபிட்டாக உயர்த்தி நகரம் நகரமாகக் கம்பங்களில் ஏறினர். கட்டணமோ மாதம் 70, 80 டாலர். சேர்ந்தவர்கள் ஏறத்தாழ 50 ஆயிரம் பேர். 2001 ஜூலையில் நிறுவனம் நொடித்தது. அடுத்த மாதம் பெட்டிகள் ஓய்ந்தன. அவ்வாண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் நியூயார்க் கோபுரங்கள் தகர்ந்து தொலைபேசிகள் செயலிழந்தபோது, வேலையிழந்திருந்த அந்நிறுவனத்தின் பழைய ஊழியர்கள் தொண்டர்களாகச் சென்று அப்பகுதியின் பெட்டிகளை மீண்டும் இயக்கி மீட்புப் பணியினர்க்கு இணைப்புத் தந்தனர். தொழில்நுட்பம் தோற்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா. அவ்வாண்டின் இறுதியில் மெட்ரிகாமின் சொத்து 8.25 மில்லியன் டாலருக்கு விலைபோயிற்று.

அடுத்து வந்தது மொபைல்ஸ்டார். 2001 ஜனவரியில் ஸ்டார்பக்ஸ் காப்பிக் கடைகளுக்கு வைஃபை அமைத்துத்தர உடன்பாடு செய்தது. காப்பி அருந்துவோர் கட்டணம் செலுத்தி இணையத்தைப் பார்ப்பர் என்பது கணக்கு. கடைக்குள் அலை இலவசம். ஆனால் ஒவ்வொரு கடைக்கும் தொலைபேசி நிறுவனத்தின் வாடகைக் கம்பி ஒன்று வேண்டும். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் அக்கம்பிக்கு மாத வாடகை செலுத்தியாக வேண்டும். அவ்வாண்டு முடிவதற்குள் மொபைல்ஸ்டாரின் கைப்பொருள் தீர்ந்தது. அதனை வாங்கிய கைப்பேசி நிறுவனம் பின்னர் டி-மொபைல் எனப் பெயர் பெற்றது.

2002 டிசம்பரில் ஏ.டி.அண்ட்.டி., ஐ.பி.எம்., இண்டெல் ஆகிய மூன்று பெருநிறுவனங்கள் கூடிக் கொமெட்டா என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தன. 20,000 இடங்களில் வைஃபை நிலையம் அமைப்போம் என்றன. 2004 மே மாதம் கொமெட்டா கதவடைத்தது. அதுவரை அமைந்தவை சில நூறு இடங்களே.

இவற்றினும் மனத்தைத் தொடுவது பிலடெல்பியாவின் கதை. அந்நகரத் தந்தை ஜான் ஸ்ட்ரீட், ஏழை மாணவர்க்கும் இணையம் கிட்டவேண்டும் என்னும் நன்னோக்குடன் 2004-இல் 135 சதுர மைல் நகர் முழுமைக்கும் வைஃபை விரிக்கும் திட்டத்தை அறிவித்தார். தம் வணிகத்தில் நகராட்சி தலையிடுவதாகத் தொலைபேசி நிறுவனங்கள் எதிர்த்தன. நகராட்சிகள் இத்தகைய சேவை நடத்துவதைக் கட்டுப்படுத்தி அவ்வாண்டிறுதியில் மாநிலச் சட்டமே வந்தது. பிலடெல்பியாவுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. எர்த்லிங்க் நிறுவனம் தன் செலவில் கட்டித்தர முன்வந்தது. மாதக் கட்டணம் ஏறத்தாழ 20 டாலர். ஏழைக் குடும்பங்களுக்கு அதிற் பாதி. ஆனால் விளக்குக் கம்பத்திலிருந்து புறப்பட்ட அலை செங்கற் சுவரைத் தாண்ட மறுத்தது. ஒரு சதுர மைலுக்குத் திட்டமிட்டதினும் கூடுதலான பெட்டிகள் தேவைப்பட்டன. இது வியப்பன்று. எங்கள் பள்ளி அலுவலகத்தில் வைத்த பெட்டியின் அலை மூன்றாவது வகுப்பறையைத் தாண்டுமுன் சோர்ந்துவிடுகின்றது. அமெரிக்கச் சுவரும் சுவர்தானே! எதிர்பார்த்த அளவுக்குச் சந்தாதாரர் சேராமையால் 2008-இல் எர்த்லிங்க் விலகியது. சான் பிரான்சிஸ்கோ நகரத் திட்டம் அதற்கு முந்தைய ஆண்டிலேயே கைவிடப்பட்டிருந்தது.

கணக்கு எங்கே பிழைத்தது?

இவர்களெல்லாம் அறிவிலிகள் என்று தள்ளிவிடுதல் முறையாகாது. வணிகத்தில் தேர்ந்தவர்களே இவர்கள். ஆயினும் மூலப்பொருள் இலவசம் என்பது இவர்கள் கண்ணை மறைத்துவிட்டது என்று கருதுகின்றேன்.

நம் பழைய தோட்ட வாழ்க்கையை நினைத்துப் பார்ப்போம். லயத்து மக்கள் மாடு வளர்த்தனர், இரப்பர் மரங்களுக்கிடையே புல் தாராளமாய் வளர்ந்தது, புல்லுக்கு விலையில்லை. எவரேனும் புல்லை அறுத்துக் கட்டி அதே தோட்டத்தில் விற்கப் புறப்பட்டிருந்தால் யார் வாங்கியிருப்பார்? பக்கத்து வீட்டுக்காரரும் தம் மாட்டை அவிழ்த்துவிடலாமே! புல்லிலிருந்து பொருள் ஈட்டியவர் பால் கறந்து விற்றவர்தாம். உரிமமில்லா அலையின் நிலையும் இதுவே. நான் ஒரு கடையில் கட்டண வைஃபை வைத்தால், எதிர்க்கடைக்காரர் இலவச வைஃபை வைப்பதைத் தடுக்க எனக்கு எந்த உரிமையுமில்லை. ஏலத்தில் எடுத்த அலைக்கு வேலியுண்டு. வேலிக்குத்தான் அவ்வளவு விலை கொடுக்கின்றனர்.

அன்றியும், கிசுகிசுக்கும் அலை நெடுந்தொலைவு செல்லாதாகையால் பெட்டிகளின் எண்ணிக்கை பெருகும். ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் ஒரு கம்பி வேண்டும். அக்கம்பி தொலைபேசி நிறுவனத்துக்குரியது. ஆகவே இலவச அலையை விற்றவர் உண்மையில் பிறர் கம்பியின் தரகராகவே நின்றார். போட்டியாளர்க்கே வாடகையும் செலுத்தினார். 1959-இல் கோஸ் கூறிய ஏலக் கோட்பாடு பெரும்பரப்புச் சேவைக்குப் பொருந்தியது எனலாம். ஏலம் போகாத மூலை இவ்வளவு பயன் தரும் என்பதை மட்டும் அக்கோட்பாட்டைக் கொண்டு எவரும் முன்னறிந்திருக்க இயலாது. அம்மூலை கைப்பேசி நிறுவனங்களுக்கே பின்னாளில் கைகொடுத்தது. தம் அலையில் நெரிசல் மிகும்போது வாடிக்கையாளரின் போக்குவரத்தில் ஒரு பகுதி வைஃபைக்குத் திரும்புவதை அவை விரும்பி வரவேற்றன.

பால் கறந்தோர் யாவர் எனில், கருவி செய்தோர் முதல்வர். 2003 மார்ச்சில் இண்டெல் நிறுவனம் வைஃபை அடங்கிய செண்ட்ரினோ மடிக்கணினித் தொகுதியை வெளியிட்டு அதன் விளம்பரத்துக்கு மட்டும் 300 மில்லியன் டாலர் ஒதுக்கியது. கொமெட்டாவில் கண்ட நட்டத்தைச் சில்லு விற்பனையில் ஈடுகட்ட அதனால் இயன்றது. ஸ்டார்பக்ஸ் 2010 ஜூலை முதல் நாளன்று அமெரிக்கக் கடைகளில் வைஃபையை முற்றிலும் இலவசமாக்கியது; காப்பியின் விலையை இலவசமாக்கவில்லை. நம் நாட்டு மாமாக் கடைக்காரர்க்கு இப்பாடத்தை எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. பெரிய திரையில் பந்தாட்டம், சுவரில் வைஃபை மறைசொல், மேசைமேல் தே தாரேக் என அவர் அமைத்துக்கொண்ட ஏற்பாட்டில் அலைக்குத் தனி விலை எந்நாளும் இருந்ததில்லை.

சிங்கப்பூர் அரசு 2006 டிசம்பரில் ஒயர்லெஸ் அட் எஸ்ஜி என்னும் பெயரில் பொதுவிடங்களில் இலவச வைஃபையைத் தொடங்கியது. மூன்று நிறுவனங்கள் நடத்த, அரசு மானியம் அளித்தது. முதல் வேகம் 512 கிலோபிட்டு. சாலையையும் விளக்கையும் போல இதனையும் பொதுவசதியாகக் கண்டதனால் அது நிலைத்தது. இந்தியாவிலோ கூகல் நிறுவனமும் ரயில்டெல் நிறுவனமும் 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கி 2018-க்குள் 400 இரயில் நிலையங்களில் இலவச வைஃபை அமைத்தன. அதற்குள் கைப்பேசி இணையம் அங்கே மிக மலிந்துவிட்டது. 2020-இல் கூகல் விலகிக்கொண்டது. விலையில்லாப் பொருளும் வேறொரு மலிவான பொருளிடம் தோற்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

தேனியும் கத்தலோனியாவும்

நகரங்களில் வணிகர் தோற்ற இவ்வலை, வணிகர் எட்டிப் பாராத ஊர்களில் வென்றது.

இந்திய அரசு 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு உரிமம் வேண்டா என அறிவித்தது. டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி தம் ஓய்வுக்குப் பின் 1976-இல் மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையைத் தமிழர் பலரும் அறிவர். அதன் தேனிக் கிளை, சுற்றியுள்ள சிற்றூர்களில் கண் மையங்களைத் திறந்தது. அம்மையங்களில் மருத்துவர் இரார். பயிற்சி பெற்ற பெண்கள் நோயாளியின் கண்ணைச் சோதித்து, தேனியிலுள்ள மருத்துவரோடு திரைவழிப் பேச வைப்பர். அதற்கு வேண்டிய இணைப்பை எந்த நிறுவனமும் தர முன்வராத நிலையில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் புரூவரின் குழு, சாதாரண வைஃபை அட்டைகளையே திசைநோக்கும் அலைவாங்கிகளோடு இணைத்துப் பல கிலோமீட்டர் தொலைவுக்கு அனுப்பிக் காட்டியது.

அட்டையை மாற்றாமல் மென்பொருளை மாற்றியதில்தான் சூட்சுமம் இருந்தது. வைஃபை ஒவ்வொரு செய்திக்கும் 'கிடைத்தது' என்னும் மறுமொழியை எதிர்பார்க்கும். அறைக்குள் மறுமொழி உடனே வரும். நெடுந்தொலைவில் சற்றுத் தாழ்த்து வரும். அதற்குள் பொறுமையிழந்த கருவி செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பி வழியை அடைத்துவிடும். இரு முனைகளும் முறைவைத்துப் பேசுமாறு அவர்கள் விதியைத் திருத்தினர். பிறகு அவர்களை வாட்டியது அலையன்று, மின்சாரம். மின்னழுத்தம் திடீரெனத் தாவியும் தாழ்ந்தும் கருவிகளை எரித்தது. ஊரிலுள்ளவரே பழுது நீக்கப் பழகிய பின்னரே இணைப்பு நிலைபெற்றது. மையங்கள் தம் செலவைச் சிறு கட்டணத்தாலும் மூக்குக் கண்ணாடி விற்பனையாலும் ஈடுகட்டின. இங்கும் விலைபோனது அலையன்று, கண்ணொளி.

அலை எவ்வளவு தொலைவு செல்லும் என்பதற்கு ஒரு செய்தி. வெனிசுவேலா நாட்டில் எர்மானோ பியெத்ரொசெமோலி என்பார் 2007-இல் மலைக்கு மலை 382 கிலோமீட்டருக்கு வைஃபை இணைப்பை நிலைநாட்டினார். இடையில் தடையின்றி ஒன்றையொன்று காணவேண்டும் என்பதே தேவை.

ஸ்பெயின் நாட்டுக் கத்தலோனியாவில் ஒசோனா என்னும் வேளாண் வட்டாரத்துக்குத் தொலைபேசி நிறுவனம் விரைவிணைப்புத் தராததால், 2004-இல் ஊர்மக்களே கூரைகளில் அலைவாங்கி நட்டு ஒருவரோடொருவர் இணைந்தனர். குய்ஃபி நெட் என்னும் அவ்வமைப்பு 30,000 முனைகளுக்கு மேற்பட்டதாக வளர்ந்தது. வலை அனைவருக்கும் உரியது; அதனைப் பழுதுபார்த்தும் அதன்மேல் சேவை நடத்தியும் சிறு வணிகர் பலர் பிழைக்கின்றனர். பெருமுதல் தோற்ற இடத்தில் சிறுமுதல் வாழ்கின்றது.

நம் தோட்டப்புறம்

மலேசியாவில் 1998-ஆம் ஆண்டின் தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டம் அலைவரிசை ஒதுக்கீட்டை மூவகையாக்கியது. அவற்றுள் வகுப்பு ஒதுக்கீடு என்பது, குறித்த நிபந்தனைகளுக்குட்பட்டு எவரும் பயன்படுத்தத்தக்கது. வைஃபை பட்டைகள் அவ்வகையின. அலைக்கு உரிமம் வேண்டா. பொதுமக்களுக்குச் சேவையை விற்கப் புகுவோர்க்கு மட்டும் வேறு உரிமமுறை உண்டு.

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது வீடு பள்ளியாயிற்று. சபாவில் ஒரு மாணவி தேர்வு எழுத மரத்தின்மேல் ஏறி இரவைக் கழித்த செய்தி நாடறிந்தது. நம் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளுள் தோட்டங்களிலும் அவற்றின் ஓரங்களிலும் உள்ளவை பல. அங்கும் பிள்ளைகள் அலை கிடைக்கும் மேட்டைத் தேடி நின்றனர். ஐம்பது குடும்பங்கள் வாழும் தோட்டத்துக்குக் கம்பி இழுக்கும் செலவு எந்த நிறுவனத்தின் கணக்கிலும் ஆதாயமாகத் தோன்றாது. மெட்ரிகாமும் எர்த்லிங்கும் பட்ட பாட்டை அறிந்தவர் அதற்காக அவர்களைக் குறைகூறவும் மாட்டார். ஆனால் சாலை முனையில் உள்ள சிற்றூர் வரையிலும் கம்பி வந்துவிட்ட தோட்டங்கள் பலவுண்டு. அங்கிருந்து பள்ளி வரையுள்ள நான்கைந்து கிலோமீட்டரே எஞ்சியது. தேனியில் கடந்த தொலைவு அது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒன்று நடன நிகழ்ச்சிக்குத் திரட்டும் தொகைக்குள் இரு முனைக் கருவிகளும் அடங்கிவிடும்.

புதிய அலைகளைப் பற்றிய ஆரவாரத்தால் இந்தப் பழைய வாய்ப்பு மறைந்துவிடக்கூடும் என்று அஞ்சுகின்றேன். அமெரிக்க ஆணையம் 2020-இல் 6 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 1,200 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமமின்றித் திறந்துவிட்டது. அதன் மேற்பகுதியைத் தமக்கு வேண்டும் எனக் கைப்பேசி நிறுவனங்கள் கேட்க, 2023-இல் துபாயில் கூடிய அனைத்துலக மாநாடு ஐரோப்பா, ஆப்பிரிக்கா உள்ளிட்ட வட்டாரத்துக்கு அவ்வாறே அடையாளம் காட்டிற்று. இவ்வலை வீட்டறைக்கும் அலுவலகத்துக்கும் மிக நன்று. ஆற்றலை மேலும் குறைத்து அனுமதித்திருப்பதால் தோட்டத்தைக் கடக்க உதவாது. தோட்டத்துக்கு 1985-இல் திறந்த 5.8 கிகாஹெர்ட்ஸ் பட்டையே போதும்.

வேண்டுவது உயரம். இலையில் உள்ள நீர் இவ்வலையை உறிஞ்சிவிடும். இரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட நம் தோட்டங்களில், மறுநடவுக்குக் காத்திருக்கும் இருபத்தைந்தாண்டு மரம் பத்து மீட்டரைத் தாண்டி நிற்கின்றது. அதன் மட்டைகளுக்கு மேலே அலைவாங்கி தலைகாட்ட வேண்டும். பழைய தண்ணீர்த் தொட்டியோ, இடிக்காமல் விட்ட ஆலைப் புகைபோக்கியோ, கோயில் கோபுரத்தின் பின்னே நடும் கம்பமோ எது அந்த உயரத்தை எட்டும் என்பதைப் பள்ளிக் கூரையில் ஏறிநின்று பார்த்தே முடிவு செய்யலாம். கன்றாக நட்ட செம்பனை ஆண்டுக்கு அரை மீட்டர் அளவில் வளர்வதால், இன்று தெரியும் வழி பத்தாண்டில் மறையும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டுக் கம்பத்தின் உயரத்தைக் குறிக்க வேண்டும்.